மொய் எழுதிய லைப்ரரியன்கள்!

"மேடம்... புரவலர்னா ஆயிரம் ரூபா கட்டினவங்கதானே? இந்த பி.காம். பொண்ணை எப்படி அதுல சேர்க்கிறது?"

எங்கள் காலேஜ் லைப்ரரி அட்டெண்டர் அண்ணன் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்னுடையது. 'கோஹா' சாஃப்ட்வேரில் உறுப்பினரை 'பேட்ரன்' என்பார்கள். டிக்ஷனரியைப் புரட்டி, 'புரவலர்' என்று கம்பீரமாகப் பாடக்குறிப்பில் எழுதியவள் நான்தான். நம்மூர் பொது நூலகத்தில் புரவலர் என்றால் நன்கொடை தந்தவர். அது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது, லைப்ரரி சயின்ஸ் படித்த எனக்கு உறைக்கவில்லை!

கோஹா பிறந்தது நியூஸிலாந்தில். ஹோரோவெனுவா என்கிற வட்டாரத்தின் நூலகத்தில், பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடு 2000-ம் வருஷத்தைத் தாண்டாது என்ற நிலை. 1999-ல் புதுசாக ஒன்றை எழுத வைத்து, 2000 ஜனவரியில் ஓடவிட்டார்கள். 'யாரும் எடுத்துக்கலாம், திருத்தலாம்' என்று ஊருக்கே கொடுத்தும் விட்டார்கள். கோஹா, மாவோரி மொழிச் சொல். அன்பளிப்பு என்று அர்த்தம்... ஆனால், பதிலுக்கு நாமும் ஒருநாள் செய்தாக வேண்டிய அன்பளிப்பு. அட, நம்ம மொய்!

சாஃப்ட்வேர் ஓசி. சொல்லித் தர ஆள்? இங்கிலீஷில் விலாவாரியான கையேடு உண்டு. அதுவும் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதியதுதான். ஆனால், பத்தாவதோடு நின்ற அண்ணனுக்கு அது ஆகுமா? கம்ப்யூட்டரில் புத்தகம் கொடுத்து வாங்கத் தெரியாவிட்டால் ஜூனில் கான்ட்ராக்ட் கிடையாது என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. பதினெட்டு வருஷமாக, எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷர்!

பக்கத்துக் காலேஜ்களிலும் இதே கதை. ஐந்து லைப்ரரியன்கள் சேர்ந்தோம், ஆளுக்கொரு பாடம் எழுத. முதல் கூட்டம் முழுக்க, அட்டையில் எந்தக் காலேஜ் எம்ப்ளம் என்பதிலேயே போயிற்று. (கடைசியில் எதுவுமே இல்லை. டீ செலவு மட்டும் ஐந்து பங்கு!)

நிஜமான சண்டை ஆசிரியர் பெயரில் வந்தது. புத்தக விவரம் பதிய 'மார்க்' என்று ஒரு முறை. 245-ல் தலைப்பு, 100-ல் ஆசிரியர். மேல்நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரணும். சரி, சுந்தர ராமசாமியை என்ன செய்ய? ஒருத்தர் 'ராமசாமி, சுந்தர' என்று போட்டிருந்தார். இன்னொருத்தர் அப்படியே. நான் 'சு.ரா.'! ஒரே எழுத்தாளர் மூன்று பேராகிவிட்டார். ஒரு பெயரில் தேடினால் மூன்றும் சேர்ந்து அகப்படாது. ராத்திரி வரை வாதாடி, புத்தகத்தில் அச்சிட்டபடியே போடுவது, மற்ற வடிவங்களுக்கு 'இங்கே பார்' என்று வழி வைப்பது என்று முடிவு செய்தோம். இந்த ஒரு பக்கத்துக்காகவே மொத்த உழைப்பும் தகும் என்பேன்.

இன்னொரு கூத்து. திரையைப் படம் படமாகப் பிடித்து ஒட்டியிருந்தோம். கோஹாவோ ஆறு மாசத்துக்கொரு புது வெர்ஷன் விடுகிற ஆசாமி. ஒட்டிய பட்டன் ஒரு நாள் இடம் மாறிவிட்டது! அதற்கப்புறம் 'வலது மூலையில்' என்பதை அடித்துவிட்டு, பட்டன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் எழுதினோம்.

பரீட்சை அதிகாரி எங்கள் அண்ணன்தான். குறிப்பை வைத்துக்கொண்டு அவராகவே செய்யணும். நடுவில் வாயைத் திறக்கிற லைப்ரரியனுக்கு அபராதம், எல்லோருக்கும் வடை.

'பார்கோடை ஸ்கேன் செய்யவும்' என்றிருந்தது. செய்தார். 'அப்படி ஆளே இல்லை' என்றது கம்ப்யூட்டர். மறுபடி செய்தார். மறுபடி 'இல்லை'. நெற்றியில் வியர்வை. "எனக்கு இது வராது மேடம்" என்று எழுந்துவிட்டார்.

வடை போனால் போகட்டும் என்று எட்டிப் பார்த்தேன். முதலில் உறுப்பினர் கார்டு, பிறகுதான் புத்தகம். அதை நாங்கள் ஐந்து பேருமே எழுதவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே!

"உங்களுக்கு வராம இல்லண்ணே, எங்களுக்குத்தான் எழுத வரலை" என்று உட்கார வைத்தேன். அன்றிலிருந்து காதில் பென்சிலோடுதான் படித்தார். பக்கத்துக்குப் பக்கம் அவர் கிறுக்கியதை எல்லாம் சேர்த்துத்தான் மறுபடி பிரதி எடுத்தோம். 'புரவலர்' போய் 'கார்டு வச்சிருக்கிறவங்க' வந்தது.

ஜூனில் கான்ட்ராக்ட் நீட்டிப்பு வந்தது. போன வாரம் வேறொரு காலேஜ் அட்டெண்டர் போன் செய்தார். எனக்கில்லை, அண்ணனுக்கு.

"பதறாதே தம்பி... முதல்ல கார்டு, அப்புறம்தான் புக்கு. மூணாம் பக்கத்துல போட்டிருக்கேன் பாரு!"