போட்டியிலிருந்து பெண்கள் ஒதுங்குவது ஏன்?

உயர்கல்வி இடங்களும், அரசுப் பணிகளும், பதவி உயர்வுகளும் பெரும்பாலும் போட்டியின் வாயிலாகவே பங்கிடப்படுகின்றன. போட்டி அனைவருக்கும் பொது. ஆகவே அதன் முடிவு நியாயமானது என்பது நிலவி வரும் நம்பிக்கை. தகுதியுடையோர் அனைவரும் போட்டியில் இறங்கினால்தான் இந்நம்பிக்கை பொருந்தும். விண்ணப்பமே செய்யாதவரின் திறமையைத் தேர்வுக்குழு அறிய வழியில்லை. தகுதியிருந்தும் ஒதுங்கி நிற்போர் யார், அவர்கள் ஏன் ஒதுங்குகின்றனர் என்னும் கேள்விகளுக்குச் சோதனைப் பொருளியல் என்னும் துறை விடை தேடியுள்ளது.

நடைமுறை வாழ்வில் குடும்பச் சூழ்நிலை, கல்வி, வேலை தருவோரின் பாரபட்சம் எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றில் எது எவ்வளவு செயற்படுகிறது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே இத்துறையினர் ஓர் எளிய பணியைக் கொடுத்து, அதற்கு உண்மையான பணத்தை ஊதியமாக வழங்கி, விதிகளை ஒவ்வொன்றாக மாற்றி, மக்களின் நடத்தை எவ்வாறு மாறுகிறது என்று கவனிக்கின்றனர்.

ஐந்து நிமிடக் கணக்கு

மியூரியல் நீடர்லே, லிசே வெஸ்டர்லுண்ட் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவுகள் 2007-ஆம் ஆண்டு வெளியாயின. இதில் 40 ஆண்களும் 40 பெண்களும் பங்கு கொண்டனர். இரண்டிலக்க எண்கள் ஐந்தைக் கூட்டி விடை எழுத வேண்டும். இவ்வாறு ஐந்து நிமிடத்திற்குள் இயன்ற அளவு கணக்குகளைச் செய்யலாம்.

முதற் சுற்றில் சரியான விடை ஒவ்வொன்றுக்கும் அரை டாலர் வழங்கப்பட்டது. இரண்டாம் சுற்று போட்டியாக அமைந்தது. இரு ஆண்களும் இரு பெண்களும் கொண்ட குழுவில் முதலிடம் பெறுபவருக்கு விடை ஒன்றுக்கு 2 டாலர். ஏனைய மூவருக்கும் ஒன்றும் இல்லை. மூன்றாம் சுற்றில் இவ்விரு முறைகளில் எதையும் அவரவரே தேர்ந்துகொள்ளலாம்.

கணக்குப் போடும் திறனில் ஆண்-பெண் இருபாலாரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும், மூன்றாம் சுற்றில் போட்டியைத் தேர்ந்த ஆண்கள் 73 சதவீதம். பெண்கள் 35 சதவீதம் மட்டுமே. திறமை மிக்க பெண்கள் பலர் விலகி நின்றனர். வெல்லும் வாய்ப்பு குறைந்த ஆண்கள் பலர் துணிந்து இறங்கினர். இருவகையிலும் வருவாய் இழப்பே நேர்ந்தது.

தன்னம்பிக்கையில் இருந்த வேறுபாடு இதற்கு ஒரு காரணமாகும். நால்வரில் தாமே முதல்வர் என்று கருதிய ஆண்கள் 75 சதவீதம். பெண்கள் 43 சதவீதம். உண்மையில் நால்வரில் ஒருவரே, அதாவது 25 சதவீதத்தினரே, முதல்வராக இருக்க முடியும். இருபாலாரும் தம்மை மிகையாகவே மதிப்பிட்டுள்ளனர். ஆண்களிடம் அம்மிகை பெரிதாக இருந்தது.

இயற்கையா, வளர்ப்பா?

இவ்வேறுபாடு பிறவியிலேயே அமைந்ததா, சமூகம் கற்பித்ததா என்பது அடுத்த வினா. யூரி க்னீசி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மாசாய் மக்களையும், தாய்வழிச் சமூகமான நம் நாட்டின் மேகாலயாவில் வாழும் காசி மக்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். காசி மக்களிடையே குலப்பெயர் தாய்வழி வருகிறது. குடும்பச் சொத்து பெரும்பாலும் இளைய மகளைச் சேர்கிறது.

மூன்று மீட்டர் தொலைவிலுள்ள வாளிக்குள் டென்னிஸ் பந்தைப் பத்து முறை எறிவதே பணி. வாளியில் விழும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தொகை பெறலாம். அல்லது முகமறியாத மற்றொருவருடன் போட்டியிட்டு, அவரை விஞ்சினால் அதைப்போல் மும்மடங்கு பெறலாம். மாசாய் ஆண்களில் 50 சதவீதத்தினரும் பெண்களில் 26 சதவீதத்தினரும் போட்டியை விரும்பினர். காசி மக்களிடம் நிலைமை தலைகீழாக இருந்தது: பெண்களில் 54 சதவீதம், ஆண்களில் 39 சதவீதம்.

இரு சமூகங்களும் வேறு பல வகைகளிலும் வேறுபடுவதால், வளர்ப்பே முழுக் காரணம் என்று இதனால் மெய்ப்பித்துவிட முடியாது. எனினும், போட்டியை விரும்பாமை பெண்களின் மாறாத இயல்பு என்னும் கருத்துக்கு இம்முடிவுகள் இடந்தரவில்லை. வடகிழக்கு இந்தியாவில் 7 முதல் 15 வயது வரையிலான சிறுவர் சிறுமியரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வும் இதற்கு வலுவூட்டுகிறது. தந்தைவழிச் சமூகத்துச் சிறுமியரிடம் பருவமெய்தும் வயதையொட்டிப் போட்டி நாட்டம் குறைந்தது. தாய்வழிச் சமூகத்தில் அத்தகைய சரிவு காணப்படவில்லை.

விதிகளை மாற்றினால்

தேர்வு விதிகளை வகுப்போருக்கு இவ்வாராய்ச்சி பயன்படக்கூடியது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த அறிஞர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வெற்றி பெறும் இருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதி ஒன்று சோதிக்கப்பட்டது. இதனால் போட்டியில் இறங்கும் பெண்களின் எண்ணிக்கை, குறிப்பாகத் திறமை மிக்க பெண்களின் எண்ணிக்கை, உயர்ந்தது. வெற்றியாளர்களின் தரம் தாழவில்லை.

2021-இல் வெளியான மற்றொரு ஆய்வு இன்னும் எளிய வழியைக் காட்டுகிறது. விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்பதற்கு மாறாக, அனைவரும் போட்டியில் சேர்க்கப்படுவர். விரும்பாதோர் விலகலாம் என்று விதி மாற்றப்பட்டது. இருபாலாருக்கும் இடையிலான இடைவெளி மறைந்தது. பதவி உயர்வுக்குத் தகுதியுள்ளோர் அனைவரையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, விலக விரும்புவோரை மட்டும் எழுதித் தரச் சொல்வது செலவில்லாத சீர்திருத்தமாகும்.

முன்மாதிரிகளின் ஆற்றலும் பெரிது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. மேற்கு வங்காளத்தில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வின்படி, இரு தேர்தல்களில் தலைவர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊர்களில், இளம்பருவத்தினரின் எதிர்கால விருப்பங்களில் ஆண்-பெண் இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. கல்வியில் இருந்த இடைவெளியும் மறைந்தது.

ஒரு பதவிக்குப் பெண்கள் விண்ணப்பிக்கவில்லை என்று கோப்பில் குறிக்கப்படும்போது, தகுதியான பெண்கள் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு. அறிவிப்பின் வாசகமும், விண்ணப்ப முறையும், தேர்வு விதியும் எவரை அழைக்கின்றன, எவரை விலக்குகின்றன என்று ஆராய்வது நிருவாகத்தின் கடமையாகும். போட்டிக்கு வராத திறமையால் நேரும் இழப்பு ஒரு பாலாருக்கு மட்டும் உரியதன்று. நாட்டின் பொது இழப்பாகும்.