உப்பு போர்த்திய வெயில்

பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைக்க வேண்டும் என்றால் லித்தியம் பேட்டரிதான் உடனே நினைவுக்கு வருகிறது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது சரி. ஆனால் பால் பண்ணைக்கும் சாயப்பட்டறைக்கும் அதிகம் தேவைப்படுவது வெந்நீர். வெயிலை மின்சாரமாக்கி, பேட்டரியில் அடைத்து, திரும்பவும் வெப்பமாக்கும் சுற்றுவழி இவற்றுக்கும் எதற்கு? வெப்பத்தை வெப்பமாகவே சேர்த்துவைக்கச் சூரியக் குளம் இருக்கிறது.

சாதாரணக் குளத்தில் அடித்தண்ணீர் சூடானதும் லேசாகி மேலே வந்துவிடும். பகலில் வாங்கிய சூடு ராத்திரியே காற்றோடு போய்விடும். அடியில் உப்பைக் கரைத்துக் கனமாக்கிவிட்டால், எவ்வளவு சூடேறினாலும் அந்தத் தண்ணீர் மேலே வர முடியாது. மேலே நல்ல தண்ணீர், அடியில் கிட்டத்தட்டக் கால்பங்கு உப்பு, நடுவே படிப்படியாக உப்பு ஏறும் அடுக்கு. வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாத கம்பளி இந்த நடு அடுக்குதான். இதை மனிதன் கண்டுபிடிக்கவில்லை. டிரான்சில்வேனியாவின் மெத்வே உப்பு ஏரியில் கோடை முடிவில், ஓர் ஆள் மார்பளவு ஆழத்தில், 70 டிகிரி வெப்பம் இருப்பதைக் கலெசின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1902-ல் எழுதிவைத்தார்.

குஜராத்தின் புஜ் நகரில் கட்ச் பால் பண்ணைக்காக 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலத்தில் அப்படியொரு குளம் வெட்டி, சுமார் 4,000 டன் உப்பைக் கொட்டினார்கள். 1993 முதல் அது நாளுக்கு 80,000 லிட்டர் வரை, 70 டிகிரி வெந்நீர் கொடுத்தது. கொஞ்சம் கணக்குப் போடலாம். அவ்வளவு தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70-க்கு ஏற்ற ஏறத்தாழ 3,700 யூனிட் வேண்டும். ஒரே ஒரு நாள் தேவையைப் பேட்டரியில் வைப்பதானால், வீட்டுக்கு வாங்கும் 5 யூனிட் பேட்டரிகள் எழுநூறுக்கு மேல் அடுக்க வேண்டும். குளத்திலோ ஒரு கன மீட்டர் உப்புநீர் 40 டிகிரி ஆறினாலே 40 யூனிட் அளவுக்கு வெப்பம் தந்துவிடும்.

சூரியத் தகடும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறதே, குளம் அதைவிட என்ன அதிகம் என்று கேட்கலாம். பிடிப்பதில் அதிகமில்லை, குறைவாகக்கூட இருக்கும். வித்தியாசம் வைத்திருப்பதில். இரண்டு மூன்று நாள் மேகம் மூடினாலும் அடித்தண்ணீர் ஆறிவிடாது. ஆனால் மின்சாரம்தான் வேண்டுமென்றால் குளத்தை நம்பக் கூடாது. 80 டிகிரிச் சூட்டிலிருந்து, கோட்பாட்டின்படியே ஏழில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரம் எடுக்க முடியாது. நடைமுறையில் இன்னும் குறைவு. சாக்கடலோரம் பெயித் ஹாரவாவில் இஸ்ரேல் 1984-ல் தொடங்கிய 5 மெகாவாட் குளம் 1988-லேயே நின்றது. புஜ் குளமும் இன்று இயங்கவில்லை. அடிவிரிப்பு கிழிந்தால் உப்பு மண்ணில் இறங்கும், பாசி படிந்தால் வெயில் இறங்காது, ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட நல்ல தண்ணீர் வேண்டும். கட்ச் போன்ற வறண்ட இடத்தில் இந்தக் கடைசிக் குறை சின்னதல்ல.

அதனால் உப்பும் நிலமும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் இது கட்டுப்படியாகும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரியபின் எஞ்சும் கனத்த கசப்பு நீரே அடி அடுக்குக்குப் போதும். ஐப்பசி மழை கெடுத்துவிடாதா? மழைநீர் மேலடுக்கோடு நின்றுவிடும். கெடுப்பது காற்று: அலை எழுந்தால் அடுக்குகள் கலந்துவிடும். அதனால்தான் இத்தகைய குளங்களின் மேல் வலை மிதக்கவிடுகிறார்கள்.