கவலைக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்



வியாபாரத்தில் மந்தம் வருவது நமக்குப் புதிதல்ல. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கல்லாவில் இருந்த பணத்தைப் பார்த்துத் திகைத்து நின்றோம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்குப்பிள்ளையும் நாமும் சேர்ந்தே விழித்தோம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு. மளிகைக் கடைக்கு அனுமதி உண்டு என்றாலும் லாரி வருமா, கடைப்பையன் வருவானா என்பது தெரியாது. இப்போது வீட்டு வாசலிலேயே சரக்கை இறக்கிவிட்டுப் போகும் கம்பெனிகளோடு போட்டி.

இத்தனையிலும் தாக்குப்பிடித்தவர்கள் உண்டு, உடைந்துபோனவர்களும் உண்டு. முதல் குறைவாக இருந்தவர்தான் உடைந்தார் என்று சொல்ல முடியாது. கஷ்டத்தை ஒருவரிடமும் சொல்லாமல் உள்ளே பூட்டி வைத்தவர்களே பெரும்பாலும் உடைந்தார்கள். மண்டியில் நாற்பது வருடம் உட்கார்ந்து நான் பார்த்தது இது.

கவலை மனசோடு நிற்பதில்லை, உடம்பிலும் இறங்குகிறது. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற இரண்டு சுரப்புகளை ரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று ரத்தத்தில் சர்க்கரையும் கூடுகிறது. தெருநாய் துரத்தினால் இந்த ஏற்பாடு நல்லதுதான். ஓடித் தப்பித்தபின் எல்லாம் அடங்கிவிடும். கடன் துரத்தும்போது நாம் எங்கே ஓடுகிறோம்? கல்லாவில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் தூக்கம் கெடும், வயிறு எரியும், எரிச்சலில் வாடிக்கைக்காரரிடம் வள்ளென்று விழுவோம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று சொல்கிறவர்கள் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் ஒரு காகிதத்தை எடுங்கள். நூறு கிராம் கடுகுக்குக் கணக்கு எழுதுகிற நாம், தூக்கத்தைக் கெடுக்கும் கடனுக்கு மொத்தக் கூட்டல் போடுவதில்லை. கூட்டினால் எவ்வளவு வந்துவிடுமோ என்ற பயம். கூட்டாத கடன் இரவு இரண்டு மணிக்கு இரண்டு மடங்காகத் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கொடுக்க வேண்டியது 3,40,000 ரூபாய். கடன் நோட்டில் வர வேண்டியது 1,15,000. அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 57,500. இருப்புச் சரக்கு 1,80,000. கழிவு போக 1,50,000 தேறும் என்று வைப்போம். ஆக, இடைவெளி 1,32,500. சரக்கை விற்றுவிட்டுக் கடையை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றரை லட்சம் என்று மிரட்டிய பிரச்சினையின் உண்மையான உயரம் என்ன என்று பார்க்கிறோம், அவ்வளவே. 1,32,500-க்குத் திட்டம் போடலாம். மாதம் இவ்வளவு என்று பிரிக்கலாம்.

அடுத்தது, கொடுக்க வேண்டியவரை நேரில் போய்ப் பாருங்கள். தவணைக்கு முன்பே போங்கள். நான் கொடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். "அண்ணாச்சி, இந்த மாதம் முடியவில்லை, பாதி வைத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு மூன்று வாரம் கொடுங்கள்" என்று வந்து நிற்கிறவரைப் பற்றி எந்த மொத்த வியாபாரியும் பயப்படுவதில்லை. போனை எடுக்காமல், எங்கள் தெருப் பக்கமே வராமல் வேறு மண்டியில் ரொக்கத்துக்கு வாங்குகிறாரே, அவரை நினைத்துத்தான் எங்களுக்குத் தூக்கம் போகிறது. ஊரடங்கு முடிந்த சமயத்தில் ஒரு சிறு கடைக்காரர் சிட்டையோடு வந்து தன் பாக்கி முழுவதையும் எங்கள் கணக்குப்பிள்ளை முன்னால் வாசித்தார். எட்டுத் தவணை பேசினோம். ஆறில் முடித்துவிட்டார். அவருக்குச் சரக்கு ஒரு நாளும் நிறுத்தவில்லை. எல்லா மண்டிக்காரரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. சிலர் சத்தம் போடுவார்கள். போடட்டும். பத்து நிமிடச் சத்தம், பத்து ராத்திரி விழித்துக் கிடப்பதைவிடக் குறைவுதான்.

அவசரத்துக்கு மீட்டர் வட்டி, கந்து வட்டி பக்கம் போய்விடாதீர்கள். பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் பத்தாயிரம் வட்டிக்கே போய்விடும், பத்து மாதம் கட்டியும் அசல் அப்படியே நிற்கும். மளிகையில் எந்தச் சரக்கில் அவ்வளவு லாபம் நிற்கிறது? இந்த வட்டிகளைத் தடை செய்து 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஏற்கனவே சிக்கியவர்கள் தனியாகப் போராட வேண்டாம். சங்க நிர்வாகிகளைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போங்கள்.

வீட்டில் சொல்வது பற்றி நம்மில் பலருக்குத் தயக்கம். "அவளுக்கு எதற்கு இந்தக் கவலை" என்போம். கணவர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்பதைக் கவனிக்காத மனைவி இல்லை. காரணம் தெரியாமல் அவர்கள் படுகிற பயம் இன்னும் அதிகம். கல்யாணம், சீர் என்று வருகிற செலவை ஒத்திப்போடுவதற்கும் வீட்டார் சம்மதம்தானே வேண்டும்?

உடம்பு விஷயம் நீங்கள் அறிந்ததே, இருந்தாலும் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளாதீர்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் டீ, காபி வேண்டாம், ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும். கொஞ்சம் குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். வரும், ஆனால் பாதி ராத்திரியில் அதுவே எழுப்பியும் விடும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கடைக்குள் பத்தடி நடப்பது அந்தக் கணக்கில் சேராது. காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன் அரை மணி நேரம் நடங்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால், அது வைத்தியம் தேவைப்படும் நிலை. அந்த எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். நேரில் போகக் கூச்சமாக இருந்தால், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழ்நாடு அரசின் 104 இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். கடை சாத்திவிட்டு இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.