இரைப்பைக்குள் ஓர் ஊர்

நம் சங்கத்து அன்பர்களுள் வயிற்றெரிச்சல்காரர் எத்தனை பேர் என்று அறிய வேண்டுமானால், மாதக் கூட்டம் முடிந்து சிற்றுண்டி பரிமாறும் வேளையில், "எனக்குச் சட்னி வேண்டாம்" என்று கை மறிப்போரை எண்ணினாலே போதும். வேளை தவறிய உணவு, இராப்பணி, ஊர் மாறியதால் வந்த தண்ணீர்க் கோளாறு என்று நாம் காரணம் சொல்லிக்கொள்கிறோம். என் தந்தையாரும் அப்படித்தான் சொல்லிவந்தார். வயிற்றில் புண் என்று வைத்தியர் கூறிய நாள்முதல் பதினாறு ஆண்டுகள் அவர் காரக்குழம்பைத் தொட்டதில்லை. குழைந்த சோறும் மோருமே ஆகாரம். ஆயினும் 2004-இல் அந்தப் புண்ணிலிருந்தே இரத்தப் போக்கு ஏற்பட்டுக் காலமானார்.

அவர் பத்தியம் காத்துவந்த அந்நாளிலேயே நோயின் மூலம் உலகுக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவர் ராபின் வாரன், இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவான கிருமிகளை 1979-இல் கண்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எக்கிருமியும் குடியிருக்க இயலாது என்பதே அந்நாளைய கொள்கை. ஆதலின் அவர் சொல்லைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்து அக்கிருமியை வளர்க்க முயன்றார். இரண்டு நாள் பார்த்துவிட்டு எறிந்துவிடுவது வழக்கம். 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதலாகச் சில நாட்கள் கிடந்துவிட்டன, கிருமி வளர்ந்துவிட்டது! விடுமுறையால் நடந்த நற்காரியம் என்று எம் அலுவலகத்தில் இதை நான் சொல்வதுண்டு.

அப்பொழுதும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி வளர்ந்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. சோதித்தபோது இரைப்பை வீங்கி அழன்றிருந்தது. அவருக்கு அப்போது வயது 32. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. என் தந்தையார் மறைந்த மறு ஆண்டு அது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தை முறித்துக்கொண்டு அது வாழ்கிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டாரிடமிருந்தே வருவது. பலருக்கு ஒரு தொல்லையும் இல்லை. சிலருக்குப் புண், மிகச் சிலருக்குப் புற்றுநோய்.

இரைப்பையில் இது தனித்தும் இல்லை. 23 பேரின் இரைப்பையை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 128 வகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன. வாயிலும் தொண்டையிலும் வாழும் இனத்தவை பல. முன்பதிவில்லாப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பைலோரி ஏறிவிட்டால் பெரும்பாலும் இருக்கை முழுவதும் அதற்கே. ஏனையவை ஒதுங்கி நிற்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் விழுங்கினாலோ, வாயிலிருந்து இறங்கும் கிருமிகள் அங்கேயே பெருகத் தொடங்கும். மருந்துக்கு அடங்காத பைலோரி உள்ளவரிடத்தில் இந்தக் கூட்டம் எவ்வாறு மாறுகிறது, அது நோய்க்குத் துணைபோகிறதா என்பதை ஆய்வாளர் இன்று ஆராய்ந்து வருகின்றனர்.

மருந்துக்கு அடங்காமை எப்படி வருகிறது? என் கதையையே சொல்கிறேன். மூன்று மருந்துகளைப் பதினான்கு நாட்கள் உண்ணச் சொன்னார் மருத்துவர். ஏழாம் நாள் எரிச்சல் நின்றது, வாயெல்லாம் கசப்பு. "இனி எதற்கு?" என்று நானே நிறுத்திவிட்டேன். அரைகுறை மருந்தில் வலுவற்ற கிருமிகள் மடிய, மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகும். போதாக்குறைக்கு, இருமலுக்கும் பேதிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகளுள் இதே மருந்தினங்கள் இருந்தன. கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியை, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சேர்த்திருந்தது. அப்பட்டியலில் என் வயிறும் அடங்கும் என்று யார் கண்டார்!

எட்டு மாதத்தில் எரிச்சல் திரும்பியது. இம்முறை பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோநிடசோல், அமிலக் குறைப்பு மாத்திரை என நான்கு. நாளொன்றுக்குப் பதினான்கு மாத்திரைகள். பிஸ்மத்தால் நாவும் மலமும் கறுக்கும், அஞ்ச வேண்டியதில்லை. டெட்ராசைக்ளினைப் பாலுடன் உண்டால் உடலில் சேராது. அண்டை வீட்டு மாமி மோரே போதும் என்றார். நல்ல பானந்தான், ஆனால் என் தந்தையார் பதினாறு ஆண்டுகள் அதைத்தானே குடித்தார்?

நாட்காட்டியில் ஒவ்வொரு வேளைக்கும் கோடிட்டது என் மனையாள். நான் மறந்தாலும் அவள் மறக்கவில்லை. பதினான்கு நாளும் நிறைந்தன. நோய் தீர்ந்ததா என்பதை எரிச்சல் நின்றதைக் கொண்டு முடிவு செய்யலாகாதாம். மருந்து முடிந்து நான்கு வாரங்கள் கழித்தே சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே அமிலக் குறைப்பு மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டும். குறியிட்ட யூரியாவைக் குடித்து மூச்சை ஊதினால், கிருமி மிஞ்சியிருப்பின் அது சிதைத்த குறி மூச்சில் வெளிப்படும். வரும் செவ்வாய்க்கிழமை நான் ஊதப் போகிறேன். அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.