பானையில் எத்தனை கலோரி?

"கலோரிக் கணக்கா? அது பட்டினத்தில் உடம்பைக் குறைக்க விரும்புபவர்களின் வேலையல்லவா?" எமது தாய்மார் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஆனால், சொந்த வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து, அளந்து கிடைக்கும் அரிசியில் சமைக்கும் குடும்பத்திற்கே இந்தக் கணக்கு அதிகம் தேவை. நாம் எண்ணுவது குறைப்பதற்காக அல்ல, போதுமா என்று அறிவதற்காக.

ஊரில் நெல் மூடை இருந்தது. வளவில் தென்னையும் முருங்கையும் நின்றன. எவரும் எண்ணவில்லை. 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும் 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும் வேறொரு பாடத்தைக் கற்றார்கள். பானை நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், ஆனால் உடம்பு மெலியும். ஏனெனில் பானையை நிறைத்தது தண்ணீர்.

கலோரி என்றால் என்ன?

அடுப்புக்கு விறகு போல உடம்புக்கு உணவு. அந்த உணவு தரும் சக்தியின் அளவே கலோரி. சமைத்தபின் அளக்க முடியாது, தண்ணீர் கணக்கைக் குழப்பிவிடும். ஆகவே சமைக்குமுன் அளக்க வேண்டும். தராசு இல்லையா? ஒரு கிலோ அரிசியைப் பால் பேணியால் அளந்து பாருங்கள். ஐந்து பேணி வந்தால் ஒரு பேணி 200 கிராம். இதை ஒருமுறை செய்தால் போதும்.

100 கிராமில் ஏறத்தாழ உள்ள கலோரி:

அரிசி, கோதுமை மா, பருப்பு, பயறு, தேங்காய்ப்பூ – 350
சீனி – 400
கச்சான் – 560
எண்ணெய் – 900

இலைக்கறிகளில் கலோரி குறைவு. அதற்காக அவற்றை விட்டுவிடக் கூடாது. கண்ணுக்கும் இரத்தத்திற்கும் வேண்டிய சத்துகள் அவற்றில்தான் உண்டு.

ஒரு வீட்டுக் கணக்கு

கணக்கிற்காக ஐந்து பேர் உள்ள குடும்பத்தை எடுப்போம். கூலி வேலைக்குப் போகும் தந்தைக்கு நாளொன்றுக்கு 2,800 கலோரி, தாய்க்கு 2,200, பன்னிரண்டு வயது மகளுக்கு 2,000, எட்டு வயது மகனுக்கு 1,600, இரண்டு வயதுக் குழந்தைக்கு 1,000 என்று வைப்போம். மொத்தம் 9,600.

அன்று சமைத்தவை: அரிசி ஒன்றரைக் கிலோ (5,250), மா 250 கிராம் (875), பருப்பு 200 கிராம் (700), அரைத் தேங்காய் (525), சீனி 100 கிராம் (400), எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி (270). கூட்டினால் 8,020. ஆகக் குறைவது 1,580.

இந்தக் குறை யார் தலையில் விழுகிறது? எல்லாருக்கும் போட்டபின் சட்டியை வழித்து உண்பவள் தாய். மற்றவர்கள் தம் பங்கை முழுதாக உண்டால் அவளுக்கு மிஞ்சுவது 620 கலோரி மாத்திரமே. "எனக்குப் பசியில்லை" என்று அவள் சொல்வதன் பொருள் இதுதான். அவள் பாலூட்டுபவளானால் மேலும் 500 கலோரி வேண்டும்.

குறையை நிரப்புவது எப்படி?

இன்னும் அரைத் தேங்காய் 525, கச்சான் 100 கிராம் 560, பயறு 100 கிராம் 350, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 135. இவை சேர்ந்தால் 1,570. குறை ஏறத்தாழத் தீர்ந்துவிடும். தேங்காயைப் பிழிந்து சக்கையை எறிந்தால் ஒரு பங்கு வீணாகும், சம்பலாக உண்டால் முழுவதும் சேரும். கச்சானைச் சிறு பிள்ளைகளுக்கு இடித்தே கொடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

குழந்தையின் வயிறு சிறியது. ஒரு கோப்பை தண்ணிக் கஞ்சியில் 15 கிராம் அரிசி இருந்தால் 50 கலோரி தான். அதே கோப்பையில் 40 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் காய்ச்சினால் 220 கலோரி. குழந்தைக்கு நாளொன்றுக்கு நான்கைந்து முறை ஊட்டுங்கள்.

இவை எல்லாவற்றையும் வாங்க வழியில்லாத வீடுகள் உண்டென்பதை நாம் அறிவோம். அங்கும் கணக்கு வீணல்ல. இருப்பதைச் சமமாகப் பகிர அது உதவும். தாய் கடைசியில் உண்ணாமல் எல்லாரோடும் இருந்து உண்ணட்டும். மேலும், "நிவாரணம் போதாது" என்று சொன்னால் கேட்பவர் தலையசைத்துப் போய்விடுவார். அவசர காலங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 2,100 கலோரி என்பது உதவி நிறுவனங்கள் திட்டமிடப் பயன்படுத்தும் அளவு. எமது பங்கீட்டில் இத்தனை குறைகிறது என்று கொப்பியில் எழுதிக் காட்டினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையின் நிறை கூடவில்லையானால் அதே கொப்பியைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் காட்டுங்கள்.

பசித்த கூட்டத்தின் முன் நின்ற இயேசு, முதலில் சீடரிடம் எத்தனை அப்பம் இருக்கிறதென்று பார்த்துவரச் சொன்னார். பகிர்ந்தது அதன் பின்புதான். நாமும் இன்றிரவு உலை வைக்குமுன் எண்ணிப் பார்ப்போம்.