சேத்தியாத்தோப்புக்குக் கீழே வெள்ளாறு

கோடையில் கூடலையாற்றூரில் நின்றால் கண்ணுக்கெட்டிய வரை மணலும் நாணலும்தான். கம்மாபுரத்துக்குத் தெற்கே, மணிமுக்தா நதி வெள்ளாற்றோடு சேரும் இடம் அது. அதே மாதம் கிழக்கே பரங்கிப்பேட்டைக்குப் போனால் அதே ஆற்றில் படகு ஓடுகிறது. அது மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் அல்ல, ஓதத்தோடு ஏறிய கடல்நீர்.

வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. தலைப்பிலேயே ஆனைமடுவு, கரியகோவில் அணைகள். தொழுதூரில் ஒரு பங்கு வெலிங்டன் ஏரிக்குத் திரும்பிவிடும். பெலாந்துறையில் இன்னொரு கட்டு. பழைய தடைகளில் கடைசி சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. அதைத் தாண்டினால்தான் ஆறு கடலோடு பேசத் தொடங்கும்.

மேலே, வெள்ளம் வடிந்த மடுக்களில் விராலும் கெளுத்தியும் குறவையும். கீழே மடவை, கொடுவா, இறால், நண்டு. கீழே உள்ளவற்றில் பலவும் கடலில் பிறப்பவை. இறால் குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரத்தில் நுழைந்து, சேற்றிலும் அலையாத்தி வேர்களிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். விலாங்குக்கும் அப்படித்தான்: வளர்வது ஆற்றில், முட்டையிடுவது கடலில்.

கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர்கள் இந்த இறாலை வலையில்லாமலே பிடிப்பார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி, அகப்பட்டதை உடனே ஓலைப் பறிக்குள் போடுவார்கள். இரு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வதும் உண்டு. 1961 முதல் பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையம் இந்தக் கழிமுகத்தை அலசி ஆராய்ந்திருக்கிறது. இருளர் விரல்களுக்கும் அதே பாடம் தெரியும்.

இப்போதைய சிக்கல் உப்பு. கடல்நீர் புவனகிரிப் பக்கம் ஏறி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. ஆதிவராகநல்லூரில் தடுப்பணை வேண்டும் என்று விவசாயிகள் நெடுநாளாகக் கேட்கிறார்கள். கோரிக்கை நியாயமானது. ஆனால் உப்பைத் தடுக்கும் சுவர் மீன் குஞ்சையும் தடுக்கும். 1975இல் கங்கையில் பரக்கா அணை வந்தபின், அலகாபாத் வரை ஏறிய ஹில்சா மேலே அருகிப்போனது. வெறும் சுவராக இல்லாமல் கதவணையாகக் கட்டினால் பாதிச் சிக்கல் தீரும். கதவை எந்த மாதம் மூடுவது, எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உழவரோடு கிள்ளை மீனவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.