விறகின் வழியே ஒரு கல்விச் சுற்றுலா

நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியராய்ச் சென்றோருட் சிலர் மலைநாட்டுப் பாடசாலைகளிற் பணிபுரிந்துள்ளனர். மாணவரை அழைத்துச் சுற்றுலாச் செல்வது அவர்க்குப் புதிதன்று. ஆயின் ஆசிரியர் தாமே மாணவராகிச் செல்லும் சுற்றுலா நம்மிடையே அரிது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கோடை விடுமுறையில் ஆசிரியரைக் காட்டுக்கும் மரவாலைகளுக்கும் அழைத்துச் சென்று, மரம் வளர்வது முதல் அது பொருளாவது வரை நேரிற் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. அத்தகைய சுற்றுலாவை ஹட்டனில் நடத்தின் எங்கே தொடங்குவது? தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறத்து விறகுக் கொட்டிலில் என்போம்.

தொழிற்சாலை காண வருவோர் கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் நிறம் மாறுவதையும் கண்டு, தேநீர் அருந்தித் திரும்புவர். பின்கட்டுக்குச் செல்வார் இலர். அங்கேதான் உலை எரிகின்றது. அதன் வெப்பத்தாற் சூடேறிய காற்று உலர்த்தும் பொறியினுட் புகுந்து, இலையின் ஈரத்தை நூற்றுக்கு மூன்று அளவிற்குக் குறைக்கின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேற்பட்ட கொழுந்து வேண்டுமென்பதைப் பலர் அறிவர். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விறகும் வேண்டுமென்பதை அறிந்தோர் சிலரே. 1970களில் எண்ணெய் விலை ஏறியபின் எண்ணெயுலைகள் பல விறகுக்கு மாறின. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகும். அதனை உடனே எரித்தால் வெப்பத்தின் ஒரு பங்கு அந்நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். ஆதலாற் பிளந்து அடுக்கிக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் உலரவிடல் வேண்டும். மறைவெப்பத்தை விளக்க விஞ்ஞான ஆசிரியருக்கு இதனினும் நல்ல இடம் கிடையாது. லயத்து அடுப்பில் ஈரவிறகை ஊதிக் கண் சிவக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இப்பாடம் விரைவில் விளங்கும்.

அவ்விறகு பெரும்பாலும் யூக்கலிப்டசுத் தோப்புகளிலிருந்து வருவது. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் தளிர்க்குமாதலால், மறுநடுகையின்றியே மறுமுறையும் வெட்டலாம். தேயிலையிடையே நிழலுக்கு நின்ற கிரெவிலியாவின் கிளைகளும் உதவும். இரண்டும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. புற்றரைகளில் நடப்பட்ட பைன் மரமோ கரிபியன் பக்கத்தது. தேயிலையும் கடல் கடந்து வந்ததே. கப்பலேறி வராத மரத்தைக் காணவேண்டுமாயின் காட்டுக்குள்ளேதான் செல்லவேண்டும்.

அக்காட்டிற் பெரும்பகுதி கோப்பிக்காக அழிந்தது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி வீழவே, தேயிலை அவ்விடத்தைப் பற்றிற்று. 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த யோசேப் ஹூக்கரின் அறிவுரைப்படி, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுதல் தடுக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிவனொளிபாதமலைக் காடு எஞ்சியமைக்கு அத்தடையும் ஒரு காரணம்.

ஈண்டு ஒரு விந்தையைக் கூறாதிருத்தல் இயலாது. காடழித்து நட்ட தேயிலையை அனுப்பப் பெட்டி வேண்டியிருந்தது. அப்பெட்டிக்குரிய பலகை பால்டிக் கரையிலிருந்தும் யப்பானிலிருந்தும் வந்தது! 1884இல் ஹட்டனை அடைந்த புகையிரதம் இறக்கிய சுமைகளுள் வெறும்பெட்டிப் பலகையும் ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவ்வரவு தடைப்படவே, கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் 1970களில் ஒட்டுப்பலகைக்கெனச் சிங்கராசக் காட்டிலும் கோடரி விழுந்தது. எதிர்ப்பு எழுந்தமையால் அத்தசாப்தம் முடியுமுன் அது நின்றது. இன்று தேயிலை கடதாசிப் பைகளிற் செல்கின்றது. பழைய பெட்டியொன்று எங்கேனும் அகப்பட்டால் பாடசாலைக்குக் கொணர்ந்து, அதன் ஒட்டுகளைப் பிரித்துக் காட்டுதல் நன்று. ஓரடுக்கின் இழை மற்றதற்குக் குறுக்காய் ஓடுவதனாலேயே அம்மெல்லிய பலகை நூறு இறாத்தற் சுமையையும் தாங்கிற்று.

சுற்றுலா முடியவேண்டிய இடம் சிங்கமலை. புகையிரதச் சுரங்கத்தால் யாவரும் அறிந்த அம்மலையின் காடே ஹட்டன் நகரின் குடிநீருக்கு ஊற்று. மகாவலிக்குச் செல்லும் நீரும் களனிக்குச் செல்லும் நீரும் பிரியும் முதுகில் ஹட்டன் இருக்கின்றது; ஆதலின் ஈண்டுக் காடு குறைந்தால் இரு பக்கத்து ஆறுகளும் அறியும். வறண்ட மாதங்களில் அங்கே தீ பரவுதல் உண்டு. மூட்டியவர் யாரென்பது ஊருக்குத் தெரிந்தும் தெரியாததுமாய் இருக்கும்.

மரத்தை வெட்டாதே என்று சுவரில் எழுதுவது எளிது. விறகுக்கட்டைச் சுமந்து இறக்கிவிட்டு வகுப்பிற்கு வரும் பிள்ளையிடம் அதனைக் கூறுவது அறமாகுமா என யாம் ஐயுறுகின்றோம். எந்த மரம் விறகுக்கென நட்டது, எந்த மரம் நீருக்கென நிற்பது என அப்பிள்ளை பிரித்தறியக் கற்பித்தல் வேறு. அதற்கு ஆசிரியர் முதலில் இரண்டின் கீழும் நிற்றல் வேண்டும். ஆளுக்கொரு போத்தல் நீருடன் சென்று, எரிந்த சரிவிலும் காட்டு மண்ணிலும் ஒரே அளவாய் ஊற்றி, எது ஓடுகின்றது, எது உறிஞ்சப்படுகின்றது எனக் கடிகாரத்துடன் பார்த்துக் குறித்து வரலாம். ஒரு முற்பகல் போதும். மதியத்துக்குள் மழை வந்துவிடும்.